பாய்த்துணியில் வரைந்த கடல்

மகனே,

இதை யாரிடமும் காட்டாதே. உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன். பிள்ளையின் காலைத் தாய் பிடிக்கக் கூடாதுதான், ஆனால் எனக்கு இப்போது வேறு யாரும் இல்லை. உன் அப்பாவிடம் காட்டாதே, அவரைப் பெற்றவர்களிடம் காட்டாதே, உனக்குக் கல்யாணம் ஆகியிருந்தால் உன் மனைவியிடமும் காட்டாதே. படித்து முடித்ததும் அடுப்பில் போட்டுவிட்டு, எரிந்து முடிகிறவரை பக்கத்திலேயே நில். கருகாமல் இரண்டு வரி மிஞ்சினால் போதும், எங்கள் தெருவில் அதை வைத்தே ஒரு வருடம் பேசுவார்கள்.

நீ இன்னும் பிறக்கவில்லை. எனக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை. நான் பதினோராம் வகுப்பில் படிக்கிறேன், பங்குனியில் அரசுத் தேர்வு. வலையும் கருவாட்டுக் கூடையும் போட்டுவைத்திருக்கும் பின்னறையில், கதவைத் தாழிட்டு, சிம்னி விளக்கைக் கூடைக்குப் பின்னால் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். பூகோளம் படிக்கப் போகிறேன் என்று அம்மாவிடம் சொன்னேன். "கட்டிக் குடுக்கப் போற புள்ளைக்குப் பூகோளம் என்னத்துக்கு?" என்றாள், ஆனால் தடுக்கவில்லை. பள்ளிக்கூடப் பெண் மகனுக்குக் கடிதம் எழுதுவாளா என்று நீ கேட்கலாம். உன்னைப் பற்றி எல்லோரும் பேசி முடித்துவிட்டார்கள், அதனால்தான் எழுதுகிறேன். உனக்குப் பெயர்கூட வைத்தாகிவிட்டது.

மூன்று ராசாக்கள் திருநாள் கழிந்த வாரம் அவர்கள் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அந்தோணி அண்ணனும் அவருடைய அம்மாவும். அவரை நான் அண்ணன் என்றுதான் கூப்பிட்டுப் பழக்கம். அவர் சங்கு குளிக்கிறவர், என் அண்ணன் மிக்கேல் அவருடைய வள்ளத்தில் வேலை செய்கிறான். மீன் கொடுக்க வருவார், அப்பாவிடம் பேச வருவார், பீடி குடித்துவிட்டுப் போவார். அன்றைக்கு வெள்ளை வேட்டி கட்டி வந்திருந்தார். நான் காப்பி கொண்டுபோய் வைத்து, "குடிங்க அண்ணே" என்றேன். அவருடைய அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். உள்ளே வந்ததும் அம்மா என் தொடையில் கிள்ளி, "கட்டிக்கப் போறவரப் போயி அண்ணேங்குதியே, கூறு கெட்டவளே" என்றாள். எனக்கு விஷயம் அப்படித்தான் தெரிந்தது. கிள்ளிய இடம் கன்றிப்போய் நாலு நாள் இருந்தது.

அன்றைக்குத்தான் உன்னையும் பற்றிப் பேசினார்கள். "எங்க வீட்டுல மொதல்ல ஆம்பளப் புள்ளதான்" என்று அந்த அம்மா அடித்துச் சொன்னார். "எங்க மாமனாரு பேரத்தான் வெக்கணும். முங்குததுக்கு அப்பன் இருக்கான், கயிறு புடிக்கத் தாய்மாமன் இருக்கான். அவன் அஞ்சு வயசுலயே வள்ளத்துல ஏறிருவான் பாரும்" என்றார். என் அம்மா சிரித்தாள். அப்பாவும் சிரித்தார். கதவுக்குப் பின்னால் நின்ற எனக்கு உன் முகம் முழுதாகத் தெரிந்தது, மகனே. சப்பை மூக்கு, உப்பில் வெளுத்த தலைமுடி. என்னைக் கேட்காமலே என் மடியில் உன்னை வைத்துவிட்டுப் போனார்கள். அந்த நாளிலிருந்து நான் உன்னோடு பேசிக்கொண்டுதான் இருக்கிறேன். பள்ளிக்கூடத்திலிருந்து வரும் வழியில், உப்பளத்து வண்டிகள் போகும்போது தூசி படாமல் உன் முகத்தை மறைக்கிறேன்.

ஏன் என்னைக் கேட்டு வந்தார்கள் என்று உனக்குச் சொல்ல வேண்டும். நான் அழகில்லை, நகையும் பெரிதாக இல்லை. கடலில் முங்குகிறவன் ஒரு கயிற்றோடு இறங்குவான். அதன் மறுமுனை வள்ளத்தில் இருப்பவன் கையில். கீழே இருக்கிறவன் மூச்சு முட்டும்போது கயிற்றை ஒரு வெட்டு வெட்டுவான், அதாவது வெடுக்கென்று சுண்டி இழுப்பான், மேலே இருப்பவன் அந்த நொடியே இழுக்க வேண்டும். முத்துக் குளித்த காலத்தில் மனைவியின் கூடப் பிறந்தவனைத்தான் கயிறு பிடிக்க வைப்பார்களாம். தன் தங்கை தாலி அறுத்துவிடக் கூடாதே என்று அவன் கண் கயிற்றை விட்டு அகலாது என்பதற்காக. நான் கைப்பிள்ளையாக இருந்தபோதே முத்துக்குளிப்பு நின்றுபோய்விட்டது. சங்கு குளிக்கிறவர்கள் யாரும் இப்போது அதைப் பார்ப்பதில்லை. ஆள் கிடைத்தால் போதும், கூலி கொடுத்து உட்கார வைக்கிறார்கள்.

ஆனால் அந்தோணி அண்ணனுக்கு (எப்படி மாற்றிச் சொல்வது, பழகவில்லை) அந்த வழக்கம் மனசில் ஏறிவிட்டது. முதலில் அவருடைய மூத்த தாரத்தின் தம்பிதான் கயிறு பிடித்தார். அந்த அக்கா காய்ச்சலில் போய்ச் சேர்ந்த பிறகு, தம்பி பம்பாய்க்குப் போய்க் கப்பலில் ஏறிவிட்டார். அப்புறம்தான் மிக்கேலைச் சேர்த்தார். மிக்கேல் ஒருநாளும் பிசகியதில்லை. கயிறு கையில் இருந்தால் பீடி பற்றவைக்க மாட்டான், மூக்கைச் சொறிய மாட்டான். ஆனாலும் அவருக்குக் கீழே போனால் நிலைகொள்ளவில்லை. ஒருநாள் எங்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து அவர் மிக்கேலிடம் சொன்னது என் காதில் விழுந்தது. "ஏலே மிக்கேலு, ஒன்னய நான் கொற சொல்லல. கீழ எறங்குனதும் ஒரு நெனப்பு வருது பாத்துக்கோ. இவன் எனக்கு யாரு, இவன் எதுக்கு என்னய இழுக்கணும்னு. அந்த நெனப்பு வந்தா மூச்சு நிக்க மாட்டேங்குல. பாதியிலயே கயித்த வெட்டிருதேன்." கரையில் எல்லோரும் அவரைத் தைரியசாலி என்பார்கள். எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை, மகனே. பயப்படுகிறவர்களை எனக்கு அடையாளம் தெரியும்.

அப்படி அவர் என்னைக் கேட்டு வந்தார். உண்மையில் என் அண்ணனின் இரண்டு கைகளைக் கேட்டு வந்தார். நான் அந்தக் கைகளுக்குப் போடுகிற முடிச்சு.

அப்பா ஒப்புக்கொண்டார். அவர் தோணியில் தண்டல், அதாவது தோணியை நடத்துகிறவர். தோணிக்கு இப்போது முன்போலச் சரக்கு கிடைப்பதில்லை, புது ஹார்பர் வந்த பிறகு எல்லோரும் பெரிய கப்பலைப் பார்க்கிறார்கள். தவக்காலம் தொடங்கிவிட்டால் கோயிலில் கல்யாணம் வைக்க மாட்டார்கள், அதற்குள் முடித்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டுக் கொழும்புக்குப் பாய் விரித்தார். ஞாயிற்றுக்கிழமை பூசையில் முதல் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று மூன்று ஞாயிறு வாசிப்பது எங்கள் வழக்கம். அதற்கு முன்னால் பங்குச் சாமியார் பெண்ணைத் தனியாகக் கூப்பிட்டு, உன் சொந்த மனசோடு சம்மதிக்கிறாயா என்று கேட்பார். நாளை காலைப் பூசை முடிந்ததும் என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். "ஆமா சாமின்னு மட்டும் சொல்லு. அழுதுகிழுது வெக்காத, அப்புறம் நாங்க அடிச்சிக் கூட்டியாந்த மாதிரி இருக்கும்" என்று அம்மா சொல்லித்தந்திருக்கிறாள்.

உனக்கு நான் ஒரு விளையாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். தாய்மார்கள் பிள்ளைகளுக்குப் புத்தி சொல்லும்போது வேதாகமத்திலிருந்து சொல்வார்கள். எனக்குத் தெரிந்த புத்தியெல்லாம் அந்த விளையாட்டில் கிடைத்ததுதான்.

சின்ன வயதில் நாங்கள் மூன்று பேர். நான், மிக்கேல், பக்கத்து வீட்டுச் செலின். அப்பாவின் தோணியில் கிழிந்த பாய்த்துணி ஒன்றை எடுத்து, அதில் கரியால் கடலை வரைந்தோம். ஒரு ஓரத்தில் கரை, புன்னைக்காயல் ஆற்றுவாயிலிருந்து எங்கள் கோயில் கோபுரம் வரை. முயல்தீவு. அப்புறம் கடலுக்குள் பார்கள். பார் என்றால் சிப்பி விளைகிற பாறைத்திட்டு. அப்பா சொன்ன பார்களின் பெயர்களோடு நாங்களே வைத்த பெயர்களும் உண்டு. செலின் பார் என்று ஒன்று இருந்தது, அதில் சிப்பியே கிடையாது, சுறா மட்டும்தான். புளியங்கொட்டைதான் வள்ளங்கள். யாராவது ஒருவர் கடல். கடலாக இருப்பவர் காற்று எப்படி, தண்ணீர் தெளிவா கலங்கலா, என்ன வருகிறது என்றெல்லாம் சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு ஆளாக மாறிக்கொள்வார்கள். கடல் கேட்கும், "என்ன செய்யுத?" என்று. அவர்கள் சொல்வார்கள். சொன்னது நடக்குமா நடக்காதா என்று சோழி உருட்டிப் பார்ப்போம். அவ்வளவுதான் விளையாட்டு. ஜெயிப்பதும் இல்லை, தோற்பதும் இல்லை. இருட்டும்வரை போகும், அடுத்த நாள் விட்ட இடத்திலிருந்து போகும். ஒரு மழைக்காலம் முழுக்க ஒரே பயணம் போனோம்.

மிக்கேல் எப்போதும் முங்குகிறவன். செலின் கடல்கட்டி. முத்துக் குளிக்கும்போது மந்திரம் சொல்லிச் சுறாவின் வாயைக் கட்டுகிறவர் ஒருவர் வள்ளத்தில் இருப்பாராம். செலினுக்கு மந்திரம் தெரியாது. "பன்னிரண்டு ஒண்ணு பன்னிரண்டு, பன்னிரண்டு ரெண்டு இருவத்திநாலு, சுறாவே ஒன் வாய் பூட்டு, சாவி சாமியார் அங்கிப் பையில" என்று கையை ஆட்டுவாள். மிக்கேல் விழுந்து விழுந்து சிரிப்பான், சிரித்தால் மூச்சு போய்விடும் என்று நான் சட்டம் பேசுவேன். ஏனென்றால் நான்தான் எப்போதும் கடல். எனக்கு அதுதான் பிடித்தது. வீட்டில் யாரும் என்னிடம் எதையும் கேட்பதில்லை, அங்கே நான் எல்லோரையும் கேட்கலாம். கோபம் வந்த அன்றைக்குக் காற்றைத் திருப்பிவிடுவேன். ஒருமுறை அண்ணன் என் ஜாமெண்ட்ரி பெட்டியை உடைத்ததற்காக, நல்ல வெயிலில் புயல் வரவைத்து அவனை மூழ்கடித்தேன். அவன் உண்மையாகவே அழுதான்.

நான் பெரியவள் ஆனதோடு அது நின்றது. ஆண்பிள்ளையோடு தரையில் உட்கார்ந்து என்ன விளையாட்டு என்று அம்மா துணியைச் சுருட்டிப் பரணில் போட்டாள். மிக்கேல் படிப்பை விட்டுவிட்டு வள்ளத்துக்குப் போனான். செலினைப் பாளையங்கோட்டை ஹாஸ்டலில் சேர்த்தார்கள். நாங்கள் யாரும் வருத்தப்பட்டதாகக்கூட ஞாபகம் இல்லை. சட்டை சிறிதாகிப்போவது போலத்தான்.

இந்தத் தை மாதம் பொங்கல் லீவில் செலின் வந்தாள். பெய்யக் கூடாத மழை பெய்தது. வள்ளங்களைக் கட்டிப்போட்டுவிட்டார்கள். அம்மா ஜெபமாலைக்கு யார் வீட்டுக்கோ போயிருந்தாள். மிக்கேல் ஒழுகுகிற இடத்தில் ஓடு மாற்றப் பரணில் ஏறினவன், மேலேயிருந்து அந்தத் துணியைத் தூக்கிப் போட்டான். என் தலையில் விழுந்தது. எலி கடித்துப் புன்னைக்காயல் போயிருந்தது, மற்றதெல்லாம் இருந்தது. கரி மங்கியிருந்தாலும் பார்கள் தெரிந்தன.

"ஏளா, என் பார் இருக்கா பாரு" என்று செலின் தாவணியை இழுத்துச் சொருகிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"ஒன் பாருல இப்பவும் சுறாதான்" என்றான் அண்ணன் கீழே இறங்கி. "ஹாஸ்டல்ல மந்திரம் படிச்சுக் குடுத்தாவளா?"

"அல்ஜீப்ரா படிச்சிருக்கேன்ல. இனி சுறா பக்கத்துலயே வராது."

எப்படித் தொடங்கினோம் என்று தெரியவில்லை. மூன்று பேருக்கும் வெட்கமாகத்தான் இருந்தது. அண்ணனுக்கு மீசை வந்துவிட்டது, புளியங்கொட்டையை விரலில் பிடித்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் முழித்தான். நான் வழக்கம்போலக் கரைப் பக்கம் போய் உட்கார்ந்தேன், கடலாக. அவன் தலையை ஆட்டினான்.

"இன்னைக்கு நான் கடலு. தெனமும் அங்கனதான் கெடக்கேன், எனக்குத் தெரியாததா? நீ முங்கு. செலினு, நீ கயிறு புடி."

"மந்திரம் யாரு சொல்லுதது?"

"ரெண்டும் நீதான். கையில கயிறு, வாயில மந்திரம்."

மகனே, நான் அதுவரை அந்தத் துணியில் ஒரு ஆளாக இறங்கியதே இல்லை. அவன் சொல்லத் தொடங்கினான். சின்ன வயதில் நான் கதைப் புத்தகம் மாதிரிச் சொல்வேன், முத்து விளக்கு மாதிரி எரிகிறது என்றெல்லாம். அவன் அப்படிச் சொல்லவில்லை. காது அடைக்கும் என்றான். முதலில் வலது காது, அப்புறம் இடது. மேலே வெளிச்சம் பச்சையாக இருக்கும், கீழே போகப் போக ஒரு மாதிரிச் சாம்பல் நிறம். தரையில் கால் பட்டதும் மணல் எழும்பும், அது அடங்குகிறவரை கண் தெரியாது, அந்த நேரம்தான் மோசம், அப்போது எதையும் நினைக்கக் கூடாது என்று அந்தோணி அண்ணன் சொல்வார் என்றான். பிறகு சொன்னான், மணல் அடங்கிவிட்டது. பக்கத்தில் சிப்பி குவிந்து கிடக்கிறது. வீட்டுக்கு ஒரு வருடத்துக்குப் போதும். பாதி மூச்சு போய்விட்டது. கயிறு உன் கையில் இருக்கிறது.

"என்ன செய்யுத?" என்று கேட்டான்.

எத்தனையோ நாள் நான் கேட்ட கேள்வி. என்னை யாரும் கேட்டதில்லை. எனக்கு வாய் வரவில்லை. சிப்பியை அள்ளுகிறேன் என்று சொல்லலாம், கயிற்றை வெட்டுகிறேன் என்று சொல்லலாம், இரண்டு சொல்தான். செலின் துணியின் மறுபக்கத்திலிருந்து கத்தினாள், "வெட்டுளா கயித்த! நான் இங்கன எதுக்கு உக்காந்திருக்கேன்?" மழை ஓட்டில் கொட்டிக்கொண்டிருந்தது. என் வாயிலிருந்து வந்தது வேறு.

"மேல புடிச்சிருக்கியே, நீ எனக்கு யாரு?" என்றேன்.

செலின் சிரித்தாள். "மூதேவி, செலினுளா! பக்கத்து வீடு!" ஆனால் அண்ணன் சிரிக்கவில்லை. சோழியைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தான். அது யாருடைய பேச்சு என்று அவனுக்குத் தெரியும். வேண்டுமென்று நான் சொல்லவில்லை, மகனே. கீழே இறங்கிய பிறகு அந்த நினைப்பு தானாக வந்தது.

"நீயும் அதையே கேக்கியா?" என்றான். சோழியை வீசினான், அது சுவரில் பட்டுத் தெறித்தது. "யாரா இருந்தா என்னளா? கயித்துல வெட்டு விழுந்தா இழுக்கப் போறேன். ரெண்டு வருசமா இழுத்தேனே, அப்ப நான் அந்த ஆளுக்கு யாரு? மழையில, காச்சல்ல, கை தோலு உரிஞ்சி இழுத்தேன். என் கையில நம்பிக்கை இல்லாம என் தங்கச்சியக் கேட்டு வாராரு. அப்ப நான் மனுசன் இல்லையா? மச்சானா ஆனாத்தான் மனுசனா?"

"அப்பமே சொல்லியிருக்கலாம்லா" என்றாள் செலின், மெதுவாக.

"இவளுக்குப் புடிச்சிருக்குன்னு அம்மா சொன்னா. இவ காப்பி கொண்டாந்து குடுத்தா. எதுவும் சொல்லல. புடிச்சிருக்குன்னு நெனச்சேன்."

"அண்ணனுக்கு வேல நெலைக்கும்னு அம்மா எங்கிட்ட சொன்னா" என்றேன் நான். "நீ ஒண்ணும் சொல்லல. ஒனக்கு வேணும்னு நெனச்சேன்."

அம்மா பொய் சொல்லவில்லை. அவள் எங்கள் இருவர் வாயும் மூடியிருப்பதைப் பார்த்தாள், மூடிய வாய் என்றால் சம்மதம் என்றுதான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அவளிடமும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அந்தோணி அண்ணனும் அப்படித்தான். அவர் தங்கச்சியைக் கொடு என்று கேட்டார், கையை நம்பலாமா என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் மிக்கேல் அன்றைக்கே பதில் சொல்லியிருப்பான்.

"இப்ப கேக்கேன்" என்றான் அண்ணன். "வெளையாட்டுக்கு இல்ல. என்ன செய்யப் போற?"

நான் பேசுவதற்குள் அம்மா வந்துவிட்டாள். குடையை மடக்காமலே நின்றாள். "நல்லா இருக்குளா! ஓல வாசிக்கப் போற புள்ள, அண்ணங்காரனோட சோழி உருட்டுதா. பாத்தா ஊரு என்ன சொல்லும்?" என்றாள். செலினைப் பார்த்து, "ஒன்னய எதுக்கு ஹாஸ்டல்ல போட்டாவ, படிக்கதானே?" என்றாள். துணியை உருவி அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தாள். அன்றைக்கு ராத்திரி அதைத்தான் விளக்கு துடைக்கக் கிழித்தாள். முயல்தீவு இந்தச் சிம்னியைத் துடைத்ததில்தான் போயிருக்கும்.

அதற்குப் பிறகு அண்ணனும் நானும் தனியாக இருக்க அம்மா விடவில்லை. சாப்பிடும்போது அவன் என்னைப் பார்ப்பான், நான் தட்டைப் பார்ப்பேன். நான் முடியாது என்று சொன்னால் அவனுக்கு அந்த வள்ளத்தில் இடம் இருக்காது. அவனே இனி அந்தக் கயிற்றைத் தொட மாட்டேன் என்று செலினிடம் சொன்னானாம். ஆனால் கோபத்தில் சொல்வது வேறு, சித்திரை மாதம் கஞ்சிக்கு இல்லாமல் இருப்பது வேறு. அப்பா வந்தால் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியும். அவர் அடிப்பவர் இல்லை, பேசாமல் இருப்பவர். ஒருமுறை அம்மாவோடு ஒரு கொழும்புப் பயணத்திலிருந்து அடுத்த பயணம்வரை பேசவில்லை.

நான் தாய் மாதிரி எழுத நினைத்தேன். தாய்மார்கள் பயந்தாலும் பிள்ளைக்குக் காட்ட மாட்டார்கள். எனக்கு அது வரவில்லை. ஆனாலும் இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன், கேட்டுக்கொள். நீ பெண் பார்க்கப் போனால் அவளுடைய அப்பாவையும் அண்ணனையும் பார்த்துக்கொண்டு உட்காராதே. காப்பியைக் கீழே வைத்துவிட்டு, உனக்குச் சம்மதமா என்று அவளிடமே கேள். அவள் பேசாமல் நின்றால் சரி என்று எடுத்துக்கொள்ளாதே, இன்னொரு முறை கேள். எல்லோரும் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். யாராவது உனக்காகக் கயிறு பிடித்தால், அவன் எந்தச் சாதிசனமாக இருந்தாலும், மேலே ஏறி வந்ததும் அவன் கையைப் பார். தோல் உரிந்திருந்தால் எண்ணெய் கொடு. உனக்குப் பயம் வந்தால் பயமாக இருக்கிறது என்று சொல். பயத்தை மறைக்க இன்னொரு வீட்டுப் பெண்ணைக் கொண்டுவந்து வைக்காதே. உன் அப்பா கெட்டவர் இல்லை. அவர் முங்கியது போதும், கரையில் வேறு வேலை பார்க்கலாம். அதை அவரிடம் சொல்ல யாருக்கும் துணிவில்லை.

இதையெல்லாம் எழுதும்போதுதான் எனக்கு ஒன்று புரிகிறது, மகனே. எழுதத் தொடங்கும்போது இது தெரியவில்லை. நாளைக்கு நான் ஆமா சாமி என்று சொன்னால் நீ வருவாய். இல்லை என்று சொன்னால் நீ வர மாட்டாய். எனக்கு என்றைக்காவது பிள்ளை பிறக்கலாம், அது நீயாக இருக்காது. அந்தப் பெயரும், சப்பை மூக்கும், உப்புத் தலையும் அந்த வீட்டுக்குச் சொந்தம். அந்தோணி அண்ணனுக்கு வேறு யாராவது ஒரு கயிறு பிடிக்கிறவனின் தங்கை கிடைப்பாள். நீ அவளிடம் போய்ப் பிறப்பாய். அவள் உன்னை நன்றாகப் பார்த்துக்கொள்வாள். நான் அவளை வீதியில் பார்த்தால் அவள் இடுப்பில் இருக்கும் உன்னைப் பார்ப்பேன், உனக்கு என்னைத் தெரியாது. இந்தக் கடிதம் உன் கைக்கு வரவும் வராது. நாளைக்குக் காலையில் நானே அடுப்பில் போட வேண்டியதுதான்.

என்னை மன்னித்துவிடு. உன்னை எனக்கு வேண்டாம் என்று இல்லை. இந்த இரண்டு வாரம் நீ என்னோடு இருந்த மாதிரி யாரும் இருந்ததில்லை. ஆனால் ஒரு முடிச்சாக நான் இருந்தால், நீயும் அதில் இன்னொரு முடிச்சாகத்தான் பிறப்பாய். அந்த வீட்டில் உன்னைப் பார்த்து ஒருவரும் கேட்க மாட்டார்கள், அஞ்சு வயதில் வள்ளத்தில் ஏற்றிவிடுவார்கள்.

எனக்குப் பயம் என்னவென்றால், சாமியார் முன்னால் வாய் வராது. அன்றைக்கு மாதிரி நாக்கு ஒட்டிக்கொள்ளும், அவர் அதை ஆமா என்று எழுதிக்கொள்வார். அதனால் இப்போது சொல்லிப் பழகுகிறேன். முதலில் உதட்டுக்குள்ளே சொன்னேன், காற்றுதான் வந்தது. வலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சொன்னேன். எனக்குச் சம்மதம் இல்ல சாமி. என் குரல் மாதிரியே இல்லை. இன்னொரு முறை, முகத்தை எடுத்துவிட்டு, சாமியார் எதிரே இருக்கிற மாதிரி நிமிர்ந்து நின்று சொன்னேன்.

சத்தம் கூடிவிட்டது, மகனே. முன்னறையில் பாய் சரசரக்கிறது. யாரோ எழுந்து வருகிறார்கள். விளக்கை அணைக்க வேண்டும், கதவைத் தட்டுகி